வீடே பணியிடமாக இருக்கும்போது: பணியிடப் பாதுகாப்புச் சட்ட மாற்றங்களும் பீடி சுற்றும் குடும்பங்கள் அறிய வேண்டியவையும்

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020 என்னும் மத்தியச் சட்டம் 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பணியிடத்தில் தொழிலாளரின் உடல்நலத்தைக் காப்பதற்காகப் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த சட்டங்கள் இதன்மூலம் ஒன்றாகத் திரட்டப்பட்டுள்ளன. திருநெல்வேலி மாவட்டத்திலும் தாமிரபரணிக் கரையோர ஊர்களிலும் வாழும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இந்த மாற்றம் எவ்வகையில் தொடர்புடையது என்பதை இப்பக்கம் விளக்குகிறது. குறிப்பாக, வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களை மனத்திற்கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. ஏனெனில், பணியிடப் பாதுகாப்புச் சட்டம் எட்டுவதற்கு மிகக் கடினமான பணியிடம் அவர்களுடைய வீடுதான்.

புறநோயாளிச் சீட்டில் ஒரு சொல்

மேலப்பாளையம், முக்கூடல், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களிலிருந்து இருமலுக்காகவோ முதுகுவலிக்காகவோ மருத்துவமனைக்கு வரும் பெண்ணிடம் தொழில் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் வரும் விடை ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்பது. சீட்டில் ‘இல்லத்தரசி’ என எழுதப்படுகிறது. அவரது விரல் நுனிகளில் படிந்திருக்கும் புகையிலைக் கறையைக் கண்டு, ‘பீடி சுற்றுவீர்களா?’ என்று மறுமுறை கேட்டால், ‘ஆமாம், அது சின்ன வயதிலிருந்தே’ என்பார். இருபது, முப்பது ஆண்டுகளாகச் செய்துவரும் தொழில், மருத்துவப் பதிவில் இடம்பெறாமலே போய்விடுகிறது.

இதில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் இரண்டாவது கேள்வியைக் கேட்க நேரம் வாய்ப்பதில்லை. ஆனால், பணியிடப் பாதுகாப்புச் சட்டம் எதுவாயினும், ஒருவரது நோய்க்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பு எழுத்தில் இருந்தால் மட்டுமே அது செயற்படத் தொடங்கும். ஆகவே, சட்டங்களைப் பற்றிய இவ்விளக்கத்தை அச்சீட்டிலிருந்து தொடங்குவது பொருத்தமானது.

சட்டத்தில் மாறியிருப்பது என்ன?

தொழிலாளர் தொடர்பான 29 மத்தியச் சட்டங்கள் நான்கு தொகுப்புச் சட்டங்களாக மாற்றப்பட்டுள்ளன. ஒன்றோடொன்று தொடர்புடைய சட்டங்களை இவ்வாறு ஒன்று சேர்க்கலாம் என இரண்டாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் 2002இல் பரிந்துரைத்திருந்தது. நான்கனுள் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தொகுப்புச் சட்டம் மட்டும் 13 பழைய சட்டங்களை உள்ளடக்குகிறது. தொழிற்சாலைகள் சட்டம் (1948), தோட்டத் தொழிலாளர் சட்டம் (1951), சுரங்கங்கள் சட்டம் (1952), பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர்கள் (வேலை நிபந்தனைகள்) சட்டம் (1966), கட்டுமானத் தொழிலாளர் சட்டம் (1996) ஆகியன அவற்றுள் சில.

நம் பள்ளத்தாக்கின் ஏறத்தாழ எல்லாத் தொழில்களும் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன. விக்கிரமசிங்கபுரம் பகுதியில் பாபநாசத்து நீரின் ஆற்றலை நம்பி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நூற்பாலை தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ் இருந்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் இருந்தது. கல் குவாரிகள் சட்டப்படி சுரங்கங்களே.

தொழிலாளர் நலம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ள பொருளாகும். தொகுப்புச் சட்டம் அடிப்படைக் கடமைகளை வகுக்கிறது. அவற்றுள் பலவற்றின் நுணுக்கங்களை ‘உரிய அரசு’ விதிகள்வழி வகுக்க வேண்டும். சுரங்கங்களுக்கு மத்திய அரசும், பெரும்பாலான தொழிற்சாலைகளுக்கும் பீடி நிறுவனங்களுக்கும் மாநில அரசும் உரிய அரசாகும். புதிய விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, புதிய சட்டத்திற்கு முரணாகாத பழைய விதிகள் தொடரும். எனவே, ‘பழைய சட்டம் போய்விட்டது, இனி எந்த உரிமையும் இல்லை’ என்று எவரேனும் உங்களிடம் கூறினால், அது சரியன்று.

விதிகள் எழுதப்படும் இந்தக் காலம் முக்கியமானது. மாநில அளவில் செய்யப்படும் ஒரு சிறு திருத்தமும் உடல்நலத்தை நேரடியாகத் தொடக்கூடும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கடைகளில் பணிபுரிவோர் அமர்வதற்கு இருக்கை வழங்குவது கட்டாயமாயிற்று. துணிக்கடைகளில் நாள்முழுதும் நின்றபடி வேலை செய்வோருக்குக் கால்வீக்கமும் நரம்புச் சுருளும் எவ்வளவு இயல்பாகிவிட்டன என்பதை அறிந்த மருத்துவர் எவரும் இத்திருத்தத்தின் பொருளை உணர்வர். மறுபுறம், தொழிற்சாலைகளின் வேலை நேர வரம்புகளைத் தளர்த்த வழிசெய்யும் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரல் 21இல் சட்டப்பேரவையில் நிறைவேறியது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இது வழிவகுக்கும் எனத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததைத் தொடர்ந்து, அது திரும்பப் பெறப்படுவதாக மே 1ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் கருத்துத் தெரிவிப்பதற்கு விளைவு உண்டு என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

சட்டம் கட்டடத்தைப் பார்க்கிறது

பணியிடப் பாதுகாப்புச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரு கட்டடத்தையும் அதில் வேலை செய்வோரின் எண்ணிக்கையையும் கொண்டே தொடங்குகின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மின்விசை பயன்படுத்தினால் 10 பேரும், பயன்படுத்தாவிடில் 20 பேரும் வேலை செய்யும் இடம் தொழிற்சாலை எனப்பட்டது. புதிய தொகுப்புச் சட்டத்தில் இவ்வெண்ணிக்கை முறையே 20, 40 என உயர்ந்துள்ளது. பொதுவாக 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குச் சட்டத்தின் பொதுக் கடமைகள் பொருந்தும். உயிருக்கு ஆபத்தான தொழில்களை, அங்கே ஒருவரே வேலை செய்தாலும், சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் உண்டு.

பீடித் தொழிலுக்கெனத் தனிச்சட்டம் 1966இல் வந்தபோது, அது இரண்டு செய்திகளை ஒருசேரச் சொன்னது. முதலாவது, மூலப்பொருளைப் பெற்றுத் தம் வீட்டில் பீடி சுற்றுபவரும் தொழிலாளியே. சம்பளம், விடுப்பு போன்ற உரிமைகளில் இது பெருமுன்னேற்றம். உச்ச நீதிமன்றமும் 1974இல் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இரண்டாவது, தூய்மை, காற்றோட்டம், நெரிசலின்மை, குடிநீர், கழிப்பறை, கைகழுவும் வசதி, குழந்தைகள் காப்பகம், முதலுதவி ஆகியவற்றை ‘தொழில் வளாகத்தில்’ செய்துதர வேண்டும். ஆனால் தனியார் குடியிருப்பு வீடு தொழில் வளாகம் ஆகாது.

இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படித்தால் நிலைமை விளங்கும். வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண் தொழிலாளியாக ஏற்கப்படுகிறார். அவர் அமர்ந்து சுற்றும் இடம் பணியிடமாக ஏற்கப்படவில்லை. புதிய தொகுப்புச் சட்டமும் தொழில் வளாகத்தை வரையறுக்கையில் தனியார் குடியிருப்பு வீட்டை விலக்கியே வைத்துள்ளது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ‘வீடுசார் தொழிலாளர்’ என்னும் பிரிவினரை வரையறுத்துள்ளது. அது நலத்திட்டங்களுக்கான வரையறை. பீடித்தூள் பறக்கும் அறையின் காற்றோட்டத்தை அளக்கும் கடமையை அது எவர்மீதும் சுமத்துவதில்லை.

வீட்டுக்குள் ஆய்வாளர் நுழைவது எளிய தீர்வு அன்று என்பதும் உண்மை. குடும்பத்தின் தனியுரிமை மதிக்கப்பட வேண்டியதே. இச்சிக்கல் உலகெங்கும் உணரப்பட்டது. அதனால்தான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவழித் தொழிலுக்கெனத் தனி உடன்படிக்கை ஒன்றை ஏற்படுத்தியது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் வழங்கவில்லை. பாதுகாப்பான, நலமான பணிச்சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என அதே அமைப்பு 2022இல் அறிவித்தது.

பீடி சுற்றுபவரின் உடலில் நிகழ்வது என்ன?

பீடிக்கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் வீட்டுக்கு வருகின்றன. இலையை நனைத்து, அளவாக வெட்டி, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, கட்டுகளாக்கி மீண்டும் கடையில் ஒப்படைக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. எண்ணிக்கைக்கே கூலி என்பதால், இடையில் எழுந்து நடப்பதுகூட இழப்பாகத் தோன்றும்.

இத்தொழிலால் வரக்கூடிய பாதிப்புகள் பின்வருமாறு.

மூச்சுப்பாதை: புகையிலைத் தூசு மூக்கையும் தொண்டையையும் மூச்சுக்குழாய்களையும் உறுத்துகிறது. நாள்பட்ட இருமல், சளி, இளைப்பு ஆகியன ஏற்படலாம். வீட்டில் விறகடுப்பும் இருந்தால் பாதிப்பு கூடும்.

நிகோடின் உறிஞ்சப்படுதல்: பீடி புகைக்காதவர் உடலிலும் நிகோடின் சேரும். ஈரக்கைகளின் தோல்வழியாகவும் தூசு வழியாகவும் அது உட்செல்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பசியின்மை இதனால் வரலாம்.

கருவுற்ற தாயும் குழந்தையும்: நிகோடின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும், தாய்ப்பாலிலும் கலக்கும். கருவின் வளர்ச்சியை அது பாதிக்கக்கூடும். முறத்தின் அருகிலேயே தவழும் குழந்தை அதே தூசைச் சுவாசிக்கிறது.

தசையும் எலும்பும்: தரையில் குனிந்தபடி நெடுநேரம் அமர்வதால் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் வலியும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மணிக்கட்டு வலியும் விரல் மரத்துப்போதலும் ஏற்படும்.

கண்ணும் தோலும்: கண் எரிச்சல், நீர்வடிதல், கைகளில் அரிப்பு, தோல் வெடிப்பு ஆகியன பரவலாகக் காணப்படுகின்றன.

இவற்றுள் எதுவும் பீடி சுற்றுபவருக்கு மட்டுமே வரும் நோயன்று. அதனாலேயே, தொழில் தெரியாவிடில் காரணமும் தெரியாமற்போகிறது. இருமல் மருந்து மாறிக்கொண்டே இருக்கும், தூசு மாறாது.

அறிவிக்கத்தக்க நோய்கள்

சில தொழில்நோய்களைக் கண்டறியும் மருத்துவர், அதனை அரசின் தலைமை ஆய்வாளருக்கு எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும். இது மருத்துவரின் சட்டக் கடமை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இத்தகைய 29 நோய்கள் இருந்தன. புதிய தொகுப்புச் சட்டமும் இதுபோன்ற பட்டியலையும் இதே கடமையையும் கொண்டுள்ளது. நம் பகுதிக்குப் பொருந்துபவை: கல் உடைப்போருக்கு வரும் சிலிக்கோசிஸ், பஞ்சுத் தூசால் வரும் பிசினோசிஸ், இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, தொழில்சார் தோல் அழற்சி முதலியன. புகையிலைத் தூசால் வரும் மூச்சுப்பாதை நோய் அந்த 29இல் பெயர் சுட்டி இடம்பெறவில்லை.

கல் குவாரித் தொழிலாளர் இங்கே தனியே கவனிக்கப்பட வேண்டியவர்கள். 2022 மே 14ஆம் நாள் இரவு முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய விபத்து எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதே குவாரித் தூசால் நுரையீரலில் உருவாகும் சிலிக்கோசிஸ் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அதனை முழுமையாகக் குணப்படுத்த இயலாது. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மிகுதி. மார்பு எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், தொழிலைச் சொல்லாத நோயாளிக்குக் காசநோய் மட்டுமே எனக் கருதிச் சிகிச்சை தொடரும் ஆபத்து உண்டு. சுரங்க விதிகளின்படி பணியில் சேரும்போதும், பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அதன் அறிக்கையைக் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு மருத்துவப் பரிசோதனை யாருக்கு?

புதிய தொகுப்புச் சட்டம் வேலையளிப்பவர் தம் செலவில் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை செய்விக்க வேண்டும் என்கிறது. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு இப்பரிசோதனை கிடைக்கும் என மத்திய அரசு அறிவித்துள்ளது. பணி நியமனக் கடிதம் வழங்குவதும் கட்டாயமாகியுள்ளது. நூற்பாலையிலோ தொழிற்சாலையிலோ பணிபுரிவோர் இவ்விரண்டையும் இப்போதே கேட்கலாம்.

வீட்டிலிருந்து பீடி சுற்றுவோருக்கு இவ்வுரிமை எவ்வாறு சென்றடையும் என்பதே விதிகள் விடைகாண வேண்டிய கேள்வி. அதுவரை வேறொரு வழி திறந்திருக்கிறது. தொழிற்சாலை ஆய்வாளர் நுழையாத அதே வீட்டுக்குள், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வருகிறார். கிராம சுகாதாரச் செவிலியரும் வருகிறார். அரசின் சார்பில் உங்கள் பணியிடத்தை நேரில் காண்பவர்கள் அவர்களே. அவர்கள் வரும்போது முறத்தை ஒளித்து வைக்க வேண்டாம். எத்தனை ஆண்டுகளாகச் சுற்றுகிறீர்கள், எந்த அறையில் சுற்றுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், கேட்காவிட்டாலும், உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். ‘பீடி சுற்றுதல், இத்தனை ஆண்டுகள்’ எனச் சீட்டில் எழுதுமாறு கேளுங்கள். இது உங்கள் உரிமை. மருத்துவர் இதனைத் தவறாக எண்ணமாட்டார்.

2. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, பீடிக்கடைப் பாஸ் புத்தகம், வருங்கால வைப்பு நிதி ஆவணங்கள், பழைய மருத்துவச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் ஒரே பையில் வையுங்கள். கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் அளித்த தீர்ப்பு, தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. அவர்களின் மருத்துவப் பதிவுகளை வேலையளிப்போர் குறைந்தது 40 ஆண்டுகள் பேண வேண்டும் எனவும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. தொழில்நோய்க்கு அவ்வளவு நீண்ட நினைவு தேவை. வீட்டுத் தொழிலாளருக்கு அப்பதிவேட்டைப் பேணுபவர் எவரும் இல்லாததால், அதனை நீங்களே பேண வேண்டியிருக்கிறது.

3. பாஸ் புத்தகம் உறவினர் பெயரில் இருந்து நீங்கள் சுற்றுபவராக இருந்தால், உங்கள் பெயரில் பதிவு பெற முயலுங்கள். பெயரில்லாத உழைப்புக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

4. பீடித் தொழிலாளர்களுக்காக மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு நடத்தும் மருத்துவமனை முக்கூடலில் உள்ளது. அடையாள அட்டையுடன் செல்லலாம். தீவிர சிகிச்சைக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், தகுதியுடையோர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் பயன்படுத்தலாம். வைப்பு நிதியிலோ இ.எஸ்.ஐ. திட்டத்திலோ இல்லாதவர்கள் அமைப்புசாராத் தொழிலாளராக நலவாரியத்திலும் ‘இ-ஷ்ரம்’ தளத்திலும் பதிவு செய்யலாம்.

5. வீட்டில்: சமைக்கும் அறையிலும் உறங்கும் அறையிலும் சுற்றுவதைத் தவிருங்கள், திண்ணை அல்லது காற்றோட்டமான தாழ்வாரம் நல்லது. தூளை மூடிய பாத்திரத்தில் வையுங்கள். சிந்திய தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். உண்பதற்கு முன்னும் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். அரைமணி அல்லது முக்கால்மணிக்கு ஒருமுறை எழுந்து சில அடிகள் நடங்கள்; சுவரில் முதுகைச் சாய்த்து அமருங்கள்.

6. கருவுற்றிருக்கும் காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தூளைக் கையாள்வதை இயன்றவரை தவிருங்கள். இதற்குக் குடும்பத்தினரின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. பிள்ளைகளை இவ்வேலையில் ஈடுபடுத்தாதீர்கள்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், மாலைநேரக் காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத்திணறல், ஆறாத வாய்ப்புண், கருவுற்றவருக்குக் குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் காலம் தாழ்த்தாதீர்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.

நிறைவாக

இத்தொழிலை உடனே விட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிது. அந்த வருமானத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் மருந்துச் செலவும் நடக்கின்றன என்பதை அறிவோம். சட்டங்கள் மறுசீரமைக்கப்படும் இவ்வேளையில், வீட்டிலிருந்து உழைப்போரின் நோய்கள் எண்ணிக்கையாகத் தெரிந்தால்தான் விதிகளை எழுதுவோர் அவற்றைக் கருத்திற்கொள்ள முடியும். அந்த எண்ணிக்கை ஒவ்வொரு புறநோயாளிச் சீட்டாகவே சேர வேண்டும். அடுத்தமுறை மருத்துவமனைக்கு வரும்போது, பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு உங்கள் தொழிலையும் தயங்காமல் சொல்லுங்கள்.